முதல் போவா பாம்பு: மொட்டைமாடி ஷீட் ரூமில் வைக்கலாமா?

கொருக்குப்பேட்டைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருஷமாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 24. கன்டெய்னர் யார்டில் பில் போடும் வேலை. வீட்டில் முன்பு புறா இருந்தது, அப்புறம் ஃபைட்டர் மீன். பாம்பு மேல் ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு.

கொளத்தூரில் மீன் வாங்கப் போகிற இடத்தில் பழக்கமான ஒருவர், போவா குட்டி ஒன்று கைக்கு வந்திருக்கிறது என்று வீடியோ அனுப்பினார். இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு. உடம்பு சாம்பல், முதுகில் காப்பி நிறப் பட்டை, வால் பக்கம் செங்கல் நிறம். பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. மூன்று தவணையாகக் கொடுக்கலாம் என்கிறார்.

எத்தனை வாட் பல்பு வாங்க வேண்டும்? வாரத்துக்கு எத்தனை எலி? மொட்டைமாடியில் எனக்கு ஒரு ஷீட் ரூம் இருக்கிறது, அதில் வைக்கலாமா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

புறாக்கூண்டு எழுதியது:

அம்மாவிடம் சொல்லவில்லையா? நான் மிக்சர் பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன். தொடருங்கள்.

பெரம்பூர்_லோகோ எழுதியது:

தம்பி, பல்பைப் பற்றி அப்புறம் பேசலாம். விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பேப்பர் இருக்கிறதா?" என்பதுதான்.

போவா நம் ஊர்ப் பாம்பு இல்லை. அமெரிக்கக் கண்டத்துப் பாம்பு, மெக்சிகோ தொடங்கி அர்ஜென்டினா வரை உண்டு. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேசப் பட்டியலில் (CITES) இருக்கிறது. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் அமல். அந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்கள் அப்போது நான்காம் அட்டவணைக்குள் வந்தன. 2024 பிப்ரவரி 28-ல் பதிவு விதிகளும் வந்துவிட்டன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள், அது எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது புதிதாக ஒன்று உன் கைக்கு வந்தால் 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அது மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்குப் போகும். எங்கிருந்து வந்தது என்று அங்கே காட்டியாக வேண்டும். குட்டி போட்டாலும் சொல்ல வேண்டும், செத்தாலும் சொல்ல வேண்டும்.

என்னுடையதை 2019-ல் வாங்கினேன். அப்போது யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. 2020-ல் மத்திய அரசு, வைத்திருப்பவர்கள் தாங்களாகவே தெரிவிக்கலாம், ஆவணம் கேட்க மாட்டோம் என்று ஒரு வாய்ப்பு கொடுத்தது. பயந்துகொண்டே தெரிவித்தேன். 2024-ல் புதுத் தளத்தில் பதிந்தபோது அந்தக் காகிதம்தான் கைகொடுத்தது. உனக்கு அந்த மாதிரிக் கதவு இப்போது இல்லை. பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் பாம்புக் குட்டிகள் நம் விமான நிலையத்தில் பிடிபட்ட செய்திகளை நீயும் படித்திருப்பாய். பிடிபடாமல் வந்ததெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது என்று நினைக்கிறாய்?

"பேப்பர் அப்புறம் தருகிறேன்" என்று அவர் சொன்னால் நீயும் பணத்தை அப்புறம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடு.

காசிமேட்டு_வலை எழுதியது:

இவ்வளவு செலவு எதற்கு? எங்கள் சித்தப்பா ஊரில் வயல் வேலை செய்யும்போது மண்ணுளிப் பாம்பு சும்மா கிடைக்கும். சாதுவானது. அதைக் கொண்டுவந்து வளர்க்கலாமே.

பெரம்பூர்_லோகோ எழுதியது:

வேண்டவே வேண்டாம். மண்ணுளி, மலைப்பாம்பு, சாரை, எதுவாக இருந்தாலும் நம் ஊர்க் காட்டுப் பாம்பை வீட்டில் வைப்பதே குற்றம். இரட்டைத்தலை, கோடி ரூபாய் என்று புரளி கிளப்பி அந்த மண்ணுளியைப் பிடித்துக் கடத்துகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. சாதுவாக இருப்பதுதான் அதற்கு ஆபத்து. சித்தப்பாவை வயலிலேயே விடச் சொல்லுங்கள்.

திருவொற்றியூர்_அக்கா எழுதியது:

நான் பாம்பு வளர்ப்பவள் இல்லை, இரண்டு பூனை மட்டும்தான். இருந்தாலும் கேட்கிறேன் தம்பி. வீடு சொந்தமா, வாடகையா? வாடகை என்றால் ஓனரிடம் என்ன சொல்வாய்? போவா எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும்? உனக்குப் பெண் பார்க்கப் போகும்போது, பையனுக்கு நல்ல வேலை, கெட்ட பழக்கம் கிடையாது, மாடியில் ஆறடிப் பாம்பு ஒன்று மட்டும் இருக்கிறது என்று உங்கள் அம்மா சொல்வார்களா?

கொருக்குப்பேட்டைக்காரன் எழுதியது:

அக்கா, வாடகை வீடுதான். மற்ற கேள்விகளுக்கு இன்னும் பதில் யோசிக்கவில்லை.

பெரம்பூர்_லோகோ எழுதியது:

அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 வருஷம் சாதாரணம், 30-ஐத் தொட்டவையும் உண்டு. நீ இப்போது வாங்கினால் உன் பிள்ளை காலேஜ் போகும்போதும் அது இருக்கலாம்.

சரி, ஷீட் ரூமுக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் இதில்தான் நான் அடிபட்டேன்.

2019-ல் வாங்கியதும் நெட்டில் படித்ததை எல்லாம் அப்படியே செய்தேன். சூடான பக்கம் 31, 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26, 27, ராத்திரியும் 24-க்குக் கீழே போகக் கூடாது. கணக்கு சரிதான். அதற்காக வெப்ப விளக்கு, ஹீட் மேட் (அடியில் போடும் சூடாக்கும் விரிப்பு) என்று வரிசையாகச் சொல்வார்கள். அதை எழுதியவர்கள் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிற ஊர்க்காரர்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஹீட் மேட் வாங்கி, சூடு ஏறினால் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டி, அதுவும் மாடி அறையில் வைத்தேன்.

மே மாதம். கத்திரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பார்த்தால், பாம்பு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டு கிடக்கிறது, தலை மட்டும் விளிம்பில். அழகாக இருக்கிறதே என்று போட்டோ எடுத்தேன். மூன்று நாள் முன்பு எலி கொடுத்திருந்தேன். மறுநாள் காலையில் கூண்டைத் திறந்தால் குடலைப் புரட்டும் நாற்றம். அந்த எலியைக் கக்கியிருந்தது. முடி எல்லாம் கழன்று, சாம்பல் நிறத்தில், ஊறவைத்த அட்டை மாதிரி. மாடிப்படி முழுக்க அந்த வாடை, பக்கத்து வீட்டம்மா என்னவோ செத்துக் கிடக்கிறது என்று தேடினார்கள்.

பாம்பின் உடம்புச் சூடு வெளிச் சூட்டோடு சேர்ந்து ஏறும், இறங்கும். ரொம்பக் குளிர்ந்தாலும் செரிக்காது, அளவுக்கு மீறிச் சுட்டாலும் வயிற்றில் இருப்பதை வெளியே தள்ளிவிடும். கிண்ணத்துக்குள்ளேயே நாள் முழுக்க உட்கார்ந்தால் உடம்பு கொதிக்கிறது என்று பொருள், இல்லாவிட்டால் மேலே மைட் என்ற ரத்தம் உறிஞ்சும் சின்னப் பூச்சி ஏறியிருக்கிறது. நான் போட்டோ எடுத்தது அதன் கஷ்டத்தை.

கக்கிய பிறகு இரண்டு வாரம் எதுவும் கொடுக்கவில்லை, தண்ணீர் மட்டும். அப்புறம் வழக்கத்தில் பாதி அளவு எலி. தேறிக்கொண்டது. அன்றைக்கே கூண்டைக் கீழ்த்தளத்தில் நடு அறைக்கு இறக்கினேன். அங்கே கோடையிலும் 33-ஐத் தாண்டுவது அபூர்வம். ஹீட் மேட்டை டிசம்பர், ஜனவரியில் மட்டும் போடுகிறேன், அதுவும் தெர்மோஸ்டாட்டோடு.

நம் பக்கம் ஒரு விஷயம் கவனித்திருப்பாய். கோடையில் மதியம் கடல் காற்று சீக்கிரம் வந்துவிட்டால் தப்பித்தோம். மேற்குக் காற்று அதைத் தடுத்து நிறுத்தும் நாளில்தான் 40, 42 என்று எகிறும். அந்த நாளில் கரண்டும் போனால், தண்ணீர் பாட்டிலை ஐஸாக்கித் துணியில் சுற்றிக் கூண்டுக்கு மேல் வைப்பேன், உள்ளே அல்ல. கடல் காற்று வீசுகிற நாளில் ஈரச் சாக்கு போடாதே. ஏற்கெனவே காற்றில் ஈரம் நிறைய இருக்கும் ஊரில் சாக்கு காயாது, குளிர்ச்சியும் தராது, பூஞ்சைதான் வரும். ஈரப்பதம் 60-லிருந்து 70 சதவீதம் போதும், அதைக் கடல் இலவசமாகக் கொடுக்கிறது. ஏசி அறையில் வைத்தால்தான் காய்ந்துபோய்ச் சட்டை துண்டு துண்டாக உரியும்.

ஆக, பல்பு வாங்கும் காசில் முதலில் அதிகபட்சம், குறைந்தபட்சம் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கு. பாம்பு இல்லாமலே ஒரு மாதம் அறையை அள.

தங்கசாலை_தெரு எழுதியது:

அண்ணா, இது கொஞ்சம் ஓவர். எல்லா வளர்ப்புக் குறிப்பிலும் வெப்ப விளக்கு கட்டாயம் என்றுதான் போட்டிருக்கிறார்கள். நீங்கள் ஒருவர் வேண்டாம் என்றால் எப்படி?

பெரம்பூர்_லோகோ எழுதியது:

கட்டாயமாக வேண்டியது வெப்பநிலை. விளக்கு அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். அவர்கள் அறை 18 டிகிரி, ஏற்ற வேண்டும். நம் அறை 34, இறக்க வேண்டும். ஊட்டியில் வளர்த்தால் நானே உங்களுக்கு விளக்கு வாங்கித் தருகிறேன்.

வேப்பேரி_மூன்றாம்_வருடம் எழுதியது:

கால்நடை மருத்துவம் படிக்கிறேன், இன்னும் டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மைட் பற்றி மேலே வந்தது. மிளகுத் தூள் தூவியது போலச் சின்னக் கறுப்புப் புள்ளிகள், தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் கிடக்கும் அல்லது கண்ணைச் சுற்றிச் செதிலுக்கு அடியில் இருக்கும். வெள்ளைத் துணியால் பாம்பை மெதுவாகத் துடைத்தால் துணியில் தெரியும். வாங்கும் இடத்திலேயே இதைச் செய்யுங்கள். வாயைத் திறந்துகொண்டே இருப்பது, மூச்சு விடும்போது விசில் சத்தம், மூக்கில் நுரை எல்லாம் நுரையீரல் தொற்று. வாங்காதீர்கள். வாங்கிய பிறகு வந்தால் நாள் கடத்தாதீர்கள்.

போவா வகைகளுக்கு முக்கியமான வைரஸ் நோய் ஒன்று உண்டு. 2012-ல்தான் அதன் காரணம் அரீனா வைரஸ் குடும்பம் என்று தெரிந்தது. போவாக்கள் அதைப் பல மாதங்கள், சில வருஷங்கள்கூட வெளியே காட்டாமல் சுமக்கும். அப்புறம் அடிக்கடி கக்குவது, தலையை மேலே தூக்கி வானத்தைப் பார்ப்பது, மல்லாக்கப் போட்டால் புரண்டு திரும்ப முடியாமல் தவிப்பது. மருந்து இல்லை. வீட்டில் ஏற்கெனவே பாம்பு இருந்தால் புதிதாக வருவதை மாதக்கணக்கில் வேறு அறையில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வேப்பேரி கல்லூரி மருத்துவமனைக்கு வருவதாக இருந்தால், ஊர்வன பார்க்கிறவர் அன்று இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வாருங்கள். நாய், பூனை வரிசைக்கு நடுவில் துணிப்பையில் பாம்போடு உட்கார்ந்திருந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவரைச் சுற்றிப் பத்தடிக்கு ஆளே இல்லை.

புறாக்கூண்டு எழுதியது:

வரிசையில் முந்த இது நல்ல வழியாக இருக்கிறதே.

கொருக்குப்பேட்டைக்காரன் எழுதியது:

எல்லாம் குறித்துக்கொண்டேன். சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் எலிக்குப் பஞ்சமே இல்லை. பொறி வைத்தால் தினம் ஒன்று.

பெரம்பூர்_லோகோ எழுதியது:

தெரு எலியைத் தொடாதே! எலி மருந்து தின்ற எலியாக இருக்கலாம், புழு, பூச்சி, உனக்கே எலிக் காய்ச்சல். வளர்த்த வெள்ளை எலிதான். உயிரோடும் போடாதே, மூலையில் மாட்டினால் எலி கடித்துப் பாம்பின் கண்ணே போய்விடும். உறையவைத்ததை வாங்கி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, அப்புறம் வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, நீள இடுக்கியால் நீட்ட வேண்டும். மைக்ரோவேவ் கூடாது. ஏன் என்று கேட்காதே, துடைத்தவனுக்குத்தான் தெரியும்.

வாரத்துக்கு எத்தனை என்று கேட்டாய். உன் கணக்கே தப்பு. குட்டிக்குப் பத்துப் பதினாலு நாளைக்கு ஒன்று, உடம்பின் தடித்த பாகத்தைவிடப் பெரிதாகாமல். வளர்ந்ததற்கு நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு எலி. போவாவுக்குச் செரிமானம் மெதுவு. பாவமே என்று அள்ளிப் போட்டால் கொழுத்துச் செத்துப்போகும். சாப்பிட்ட பிறகு மூன்று நாள் கையில் எடுக்காதே. பாலும் முட்டையும் வைக்கலாமா என்று உன் அம்மா கேட்பார்கள், என் அம்மா கேட்டார்கள். பாம்பு பால் குடிக்காது.

முக்கியமானது ஃப்ரிட்ஜ். ஆரம்பத்தில் வீட்டு ஃப்ரீசரிலேயே எலியை நியூஸ் பேப்பரில் சுற்றி வைத்திருந்தேன். அம்மா ஒரு நாள் நெத்திலி என்று நினைத்து எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, புளி கரைக்க உட்கார்ந்துவிட்டார்கள். பேப்பர் பிரிந்து வால் மிதந்தது. அந்தப் பாத்திரம் இன்றுவரை எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை. பத்து நாள் அம்மா என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் பழைய சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று தனியாக வாங்கினேன். இதையும் உன் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்.

திருவொற்றியூர்_அக்கா எழுதியது:

பத்து நாள்தானா? உங்கள் அம்மா தெய்வம்.

எண்ணூர்_கழிமுகம் எழுதியது:

மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அமேசான் காட்டிலும் மத்திய அமெரிக்காவிலும் இருக்க வேண்டிய ஜீவனைக் கொருக்குப்பேட்டை ரூமில் ஒரு பெட்டிக்குள் வைத்து, சூட்டைக் குறைக்கிறேன், எலியை உருக்குகிறேன் என்று இத்தனை பாடு எதற்கு? பார்க்க ஆசை என்றால் கிண்டி பாம்புப் பண்ணை இருக்கிறது. 1972-லிருந்து இருக்கிறது. டிக்கெட் வாங்கினால் போதும்.

பெரம்பூர்_லோகோ எழுதியது:

இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. என்னுடையது கூண்டில் பிறந்தது என்று விற்றவர் சொன்னார். அதை நம்பினேன், சரிபார்க்கவில்லை. இன்றைக்கு இருக்கிற புத்தி அன்றைக்கு இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். இப்போது ஆறரை அடி, ஆறு கிலோ. எங்கே கொண்டுபோய் விடுவது? காட்டில் விடுவது அதைவிடப் பெரிய பாவம், சட்டப்படியும் தப்பு. இருக்கிறவரை ஒழுங்காக வைத்துக்கொள்வது ஒன்றுதான் என் கையில் இருக்கிறது.

தங்கசாலை_தெரு எழுதியது:

ஆறரை அடிப் பாம்பு நெரித்தால் மூச்சு நின்றுவிடும் என்கிறார்களே, பயமில்லையா?

வேப்பேரி_மூன்றாம்_வருடம் எழுதியது:

சின்னத் திருத்தம். இரை மூச்சு முட்டிச் சாவதாகத்தான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 2015-ல் போவாவையும் எலியையும் வைத்துச் செய்த ஆய்வில், சுற்றி இறுக்கிய சில விநாடிகளில் ரத்த ஓட்டமே தடைபடுவது தெரிந்தது. மூச்சு முட்டுவதற்கு முன்பே எலி மயங்கிவிடுகிறது.

பெரம்பூர்_லோகோ எழுதியது:

மனுஷனைத் தின்கிற அளவு அது கிடையாது. ஆனாலும் ஆறடி தாண்டிவிட்டால் தனி ஆளாகத் தூக்க மாட்டேன், பக்கத்தில் என் தம்பி நிற்பான். கூண்டைத் திறந்ததும் கையை விடாமல், முதலில் ஒரு வளைந்த கம்பியால் உடம்பை மெதுவாகத் தொடுவேன். கம்பி பட்டால் சாப்பாடு இல்லை என்று அதற்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கம் வருவதற்கு முன் ஒரு தடவை கடி வாங்கினேன். விஷம் இல்லை, ஆனால் உள்ளே வளைந்த சின்னச் சின்னப் பற்கள். பதறிக் கையை இழுத்தேன், அதனால்தான் கிழிந்தது. எடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சால்மோனெல்லா என்ற கிருமி ஊர்வனவற்றின் மேல் இருக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ரொம்பக் கவனம்.

பூட்டு வாங்க மறக்காதே. மூடிமேல் செங்கல் வைப்பதெல்லாம் பூட்டு இல்லை. என்னுடையது இரண்டடியாக இருக்கும்போது ஒரு ராத்திரி காணாமல் போனது. வெளியே போயிருந்தால் தெருவே திரண்டு மலைப்பாம்பு என்று அடித்துக் கொன்றிருக்கும், போவாவா இல்லையா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். எல்லா அறை வாசலிலும் கோலமாவு தூவிவிட்டுப் படுத்தேன். காலையில் சமையலறை வாசலில் மட்டும் மாவின் நடுவே ஒரு வளைந்த கோடு. அரிசி டிரம்முக்குப் பின்னால் சுருண்டிருந்தது. அம்மா எழுவதற்கு முன் எடுத்துவிட்டேன். இந்த இழையை அவர்கள் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கொருக்குப்பேட்டைக்காரன் எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

மன்னிக்கவும், லேட்டாக வருகிறேன்.

தெர்மாமீட்டர் வாங்கி ஷீட் ரூமில் மாட்டினேன். மதியம் இரண்டு மணிக்கு எடுத்த கணக்கு: 39, 41, 40, 42, 38. ராத்திரி பத்து மணிக்கும் 34-ஐ விட்டு இறங்கவில்லை, ஷீட் வாங்கிய சூட்டைப் பொழுதுக்கும் கக்குகிறது. நான் இத்தனை வருஷமாக அதில்தான் தூங்குகிறேன் என்பதை அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் யோசித்தேன். இப்போது கீழே பாய் போட்டுப் படுக்கிறேன்.

விற்பவரிடம் பேப்பர் கேட்டேன். முதலில் "அடுத்த வாரம்" என்றார். அப்புறம் "உனக்கு எதுக்குப்பா அதெல்லாம், யார் வந்து பார்க்கப் போறாங்க" என்றார். அதற்கப்புறம் விலையைப் பாதியாகக் குறைத்தார். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீடியோவை மட்டும் இன்னும் அழிக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். நாகாத்தம்மனுக்கு ஆடியில் கூழ் ஊத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, பாம்பு வரக்கூடாது என்றா, வந்த பாம்பு நல்லபடியாக இருக்கட்டும் என்றா.

லோகோ அண்ணா, போன ஞாயிறு உங்கள் வீட்டில் அதன் கண் இரண்டும் பால் விட்ட மாதிரி நீலமாக இருந்ததே, சட்டை உரித்துவிட்டதா?

பெரம்பூர்_லோகோ எழுதியது:

வியாழன் ராத்திரி உரித்தது. மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரே துண்டு, கண்ணுக்கு மேல் மூடியிருக்கும் தோல் இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது. உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூண்டு கழுவ வேண்டும், காலை எட்டு மணிக்கு வந்துவிடு. வரும்போது பழைய பேப்பர் ஒரு கட்டு கொண்டு வா, இங்கே தீர்ந்துவிட்டது.

புறாக்கூண்டு எழுதியது:

அப்படியே மிக்சரும்.